முட்டைக்கு விலை சொல்லும் ஊரில் வீட்டுக்கு விலை கேட்டேன்

நாமக்கல்லில் தினமும் முட்டைக்கு விலை அறிவிக்கிறார்கள். எங்கெங்கோ இருக்கிற ஊர்களின் ஆம்லெட்டுகள் அதைக் கேட்டுத்தான் தங்கள் விலையை முடிவு செய்துகொள்கின்றன. கோழியின் வயிற்றுக்குள் யாருக்கும் தெரியாமல் நடக்கிற காரியத்துக்குப் பைசா சுத்தமாக விலை சொல்லிவிடுகிற இந்த ஊரில், பட்டப்பகலில் எல்லார் கண்முன்னாலும் செங்கல் செங்கலாக நடக்கிற காரியத்துக்கு மட்டும் ஒருவரும் விலை சொல்ல மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

மோகனூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு மனை உண்டு. முப்பதுக்கு நாற்பது. வாங்கியபோது சுற்றிலும் சோளம் நின்றது. இப்போது சுற்றிலும் வீடு நிற்கிறது. எங்கள் மனையில் மட்டும் அக்கம்பக்கத்தாரின் மீதி ஜல்லியும், யாருடையது என்று கடைசிவரை தெரியாத ஒரு எருமையும். அந்த இடத்தில் வீடு கட்டியாக வேண்டும் என்று எனக்குத் தனிப்பட்ட அவசரம் எதுவும் இருந்ததில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்கிற விதி, என் சோம்பலுக்கு இதுவரை கிடைத்த மிகச் சிறந்த சட்டப் பாதுகாப்பு.

அவசரம் மாமனார் மூலமாக வந்தது. மோகனூரில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு அங்கே தனியாக இருக்கிறார். போன ஐப்பசி மழையில், கொல்லைப்புறக் குளியலறைக்குப் போகிற படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் கம்பி வைத்தார்கள். இப்போது நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். எங்கள் வாடகை வீடு இருப்பது மாடியில். படி ஏணிக்குத் தம்பி மாதிரி. அவரால் ஏற முடியாது, தூக்கிப்போக அவர் விடமாட்டார். ஆகவே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிற என் மனைவி, கடைசி மணி அடித்ததும் ஸ்கூட்டரில் மோகனூர் போய், அப்பாவுக்கு வெந்நீர் வைத்து, இட்லி ஊற்றி மூடிவைத்துவிட்டு, லாரிகளுக்கு நடுவே திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் வந்தவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"ஏனுங்க, கீழ எங்கப்பாவுக்கு ஒரு ரூமு. அதுக்குள்ளயே ஒரு பாத்ரூமு. மிச்சம் ஊடு எப்படி வேணா இருக்கட்டும். இல்லாமயே போனாலுஞ் சரி."

அவளுடைய சேமநிதி, வங்கி தருவதாகச் சொன்ன கடன், இரண்டும் சேர்ந்து ஒரு தொகை. அதற்கு மேல் எங்களிடம் எதுவும் இல்லை. அவ்வப்போது நான் எழுதுகிற நகைச்சுவைக் கட்டுரைகளுக்குப் பத்திரிகைகள் அனுப்புகிற சன்மானத்தைக் கொண்டு ஒரு லோடு எம்-சாண்ட் மணலை இறக்க முடியாது, வேடிக்கை பார்க்கலாம். ஆகக் கேள்வி ஒன்றுதான். அந்தத் தொகைக்குள் அந்த அறை அடங்குமா?

அறைக்கு உரியவரிடம் போய்ச் சொன்னோம்.

"எனக்கு எதுக்குங்க மாப்ள ரூமு?" என்றார் மாமனார். "இந்த ஊட்ட உட்டுட்டு நான் எங்கயும் வாரதா இல்லீங்க."

நான் சரி என்று தலையாட்டினேன். அவர் வாக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போட்டா மட்டும் பத்துக்குப் பதினொண்ணு போடச் சொல்லுங்க. ஒம்பது ஆகாது. பன்னண்டுஞ் சுத்தமா ஆகாது. மனையடி அப்புடி."

"நீங்கதான் வரப்போறதில்லையே மாமா."

"நான் வராட்டி என்னுங்க? அதுக்காவ அளவத் தப்பா வெக்க முடியுமா?"

நான் ஒரு கல்லூரியில் நூலகர். உலகத்தில் உள்ள எதையும் எண் போட்டு, வகை பிரித்து, முதுகில் சீட்டு ஒட்டி அலமாரியில் நிறுத்திவிடலாம் என்பது என் தொழிலின் மத நம்பிக்கை. நூலகத்துக்கு ஒரு இரும்பு ரேக் வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்குவோம். ரேக்குக்கு உள்ள மரியாதை வீட்டுக்கு வேண்டாமா? மூன்று காண்ட்ராக்டர்களைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷ அனுபவத்தில், அவள் ஒன்றும் சொல்லாத சமயங்களில்தான் எனக்கு அதிகச் செலவு வைத்திருக்கிறது.

முதலாமவர் உறவு. மனைவியின் சின்னம்மா திருச்செங்கோட்டில் இருக்கிறார். இவர் அந்தச் சின்னம்மாவின் கணவருடைய அக்கா மகன். நல்ல மனிதர், வேலை சுத்தம் என்று பெயர். மனைக்கு வந்தார். ஜல்லிக் குவியலைச் சுற்றிவந்து, செருப்புக் காலால் மண்ணைக் கிளறி, குனிந்து ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார். எருமை அவரைப் பார்த்தது.

"கடக்காலு அஞ்சடி போனாப் போதுங்ணா. நெம்ப நல்ல மண்ணு."

கடக்கால் என்றால் அஸ்திவாரம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

"பண்ணிக்கலாமுங்ணா."

"இல்ல, தோராயமா."

"நமக்குள்ள என்னங்ணா?"

"சரி, சதுர அடிக்கு என்ன?"

"ஊருக்குள்ள என்ன ஓடுதோ அதுல நூறு ரூவா கம்மியாப் போட்டுக்கலாமுங்ணா."

"ஊருக்குள்ள என்ன ஓடுது?"

"அது ஆளுக்கொண்ணு ஓடுதுங்ணா."

இந்த உரையாடலை நான் பல தத்துவ நூல்களில் படித்திருக்கிறேன். அவற்றிலும் இப்படித்தான் முடியும். ஆனால் தத்துவத்தை வைத்து ரூஃப் கான்கிரீட் போட முடியாது. "ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்களேன், என்னென்ன சேரும், எவ்வளவு ஆகும்னு," என்றேன்.

அவர் முகம் மாறியது. "பேப்பருங்ளா?" என்றார், நான் அவருடைய ரத்த மாதிரியைக் கேட்டுவிட்டது போல. கையைத் தட்டிக்கொண்டார். போகிற போக்கில் ஒன்று மட்டும் சொன்னார்: "காசு பத்தாதுன்னா பெரியவரு ரூமப் பொறவு எடுத்துக்கலாமுங்ணா. கடக்கால மட்டும் போட்டு உட்டுட்டா எப்ப வேணா எழுப்பிக்கலாம்."

அவர் வண்டி பைபாஸைத் தாண்டியிருக்காது. சின்னம்மா போன் செய்துவிட்டார். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். என் நலனுக்காக இருக்கும்.

"ஏஞ்சாமி, உன்ற ஊட்டுக்காரரு அந்தப் பையங்கிட்ட எழுதிக் குடுன்னு கேட்டாராமா?"

"ஆமாஞ் சின்னம்மா."

"என்னத்துக்குக் கேட்டாராம்? நாம அவனக் கோர்ட்டுக்கா இழுக்கப் போறோம்? அழுவாத கொறையாச் சொல்றான். திருடன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்த்தைன்னு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எருமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தில் இது ஒரு நியதி. வாய்ச்சொல்லில் லாரி கைமாறும், போர்வெல் போடுகிற ரிக்கு வண்டி ஆந்திரா போகும், தறி ஓடும், பெண் கொடுப்பார்கள். எழுதித் தா என்று கேட்டால் மட்டும், நீ ஏமாற்றுவாய் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னதாக அர்த்தம். அதிலும் உறவுக்காரரிடம் கேட்டால் உறவே முறிந்ததாக அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததையெல்லாம் படிப்பு மறக்கடித்துவிடும் என்பதற்கு நான் ஒரு நடமாடும் ஆதாரம்.

உறவே இல்லாதவரிடம் போவோம் என்று சேலத்துக்குப் பஸ் ஏறினேன். இரண்டாமவருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் இருந்தது. உள்ளே ஏசி. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த இளம் என்ஜினியர். இங்கே காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. வழவழவென்ற புத்தகத்தில் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று வீட்டை நகைக்கடை போலப் பிரித்திருந்தார்கள். நான் சில்வரைத் தொட்டேன். சதுர அடி விலை பெரிய எழுத்தில் இருந்தது. அதன் தலைக்கு மேல் ஒரு குட்டி நட்சத்திரம். நூலகர்கள் அடிக்குறிப்பைப் படிக்காமல் விடுவதில்லை. நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசிப் பக்கத்தின் கடைசி ஓரத்தில், எறும்புகள் ஊர்ந்ததைப் போல ஒரு பத்தி: செப்டிக் டேங்க், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு சுவர், போர்வெல், மின் இணைப்பு எல்லாம் தனி.

"பாத்ரூம் உண்டா தம்பி?"

"ரெண்டு சார். ஃபுல் டைல்ஸ்."

"அதுலேருந்து போறது எங்க போகும்?"

"அது நம்ம ஸ்கோப்ல வராது சார்."

பிறகு கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டின் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. வாசலில் புல்வெளி. புல்வெளியில் ஒரு வெள்ளைக்கார நாய். மாமனாரின் அறை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றது.

"இங்க ஒரு பெரியவர் இருக்கணுமே?"

"கார் பார்க்கிங் இல்லாட்டி ரீசேல் வேல்யூ இருக்காது சார்."

"எங்ககிட்ட கார் இல்லை."

"வீடு கட்டினா வாங்கிடுவீங்க சார்," என்றார் அன்பாக.

மூன்றாமவர் மேஸ்திரி. லேபர் காண்ட்ராக்ட். "பொருளு பூராவும் உங்குளுது, கைவேல நம்முளுதுங்க" என்று ஒரே வாக்கியத்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கூலி விலையைத் தயங்காமல் சொன்னார். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் அதோடு பொருளுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தால்தானே மற்றவர்களோடு ஒப்பிடலாம்?

"செங்கல்லு எத்தன வேணும்?"

"ஆவறது ஆவுமுங்க."

"கம்பி?"

"அது என்ஜினியரு சொல்றதுல பாதி போதுமுங்க. நாங்க போடறதுல பாதிதான் அவிய சொல்றது."

இதைக் கணக்காக எழுதிப் பார்த்தேன். கம்பி எவ்வளவு என்று இன்றுவரை வரவில்லை.

பொருள் விலையை விசாரிக்கக் கடைகடையாகப் போனேன். சிமெண்ட் விலை கடைக்குக் கடை வேறாக இருந்தது. ஒரே கடையில் டீக்கு முன் ஒன்று, டீக்குப் பின் ஒன்று. எம்-சாண்டை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். யூனிட் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். லாரியின் பாடியைப் பொறுத்தது என்றார்கள். லாரிக்கு பாடி கட்டுவதில் நாட்டுக்கே பெயர் பெற்ற ஊரில், பாடி எவ்வளவு கொள்ளும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மேஸ்திரி மறுபடி வந்தபோது மாமனார் அறையைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். "பெரியவரு எத்தன நாளைக்குங்க? ஹாலுலயே ஒரு கட்டலப் போட்டு உடுங்க." இதை நான் வீட்டில் சொல்லவில்லை. எனக்கும் சில இடங்களில் அறிவு வேலை செய்யும்.

ஆக மூன்று விலைகள் கையில். ஒன்று விலையே இல்லாதது, ஒன்று நட்சத்திரம் போட்டது, ஒன்று பாதி. அறையை விட்டுவிடலாம் என்பதில் மட்டும் மூவருக்கும் ஏகமனது. உட்கார்ந்து ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். சதுர அடி என்பது பன்னிரண்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் என்று பள்ளியில் படித்தது அப்போதுதான் கோளாறு செய்தது. ஒருவர் போர்டிகோவைப் பாதி அளந்தார். இன்னொருவர் முழுதாக அளந்து, சன்ஷேடையும் சேர்த்தார். மாடிப்படிக்கு மேலே இருக்கிற சின்னக் கூரையை ஒருவர் வீடாகக் கருதினார், ஒருவர் கருதவில்லை. ஒரே வீட்டுக்கு மூன்று பரப்பளவுகள் வந்தன. உலகம் உருண்டை என்று கண்டுபிடித்தவனுக்குக்கூட இவ்வளவு எதிர்ப்பு இருந்திருக்காது.

குழப்பத்தைத் தீர்க்க எனக்கு ஒரு உபாயம் தோன்றியது. மூவரையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே அளவில் பதில் வாங்குவது. அதற்காக ஒரு வாட்ஸாப் குழு ஆரம்பித்தேன். அதற்கு 'வீடு: வெளிப்படைத்தன்மை' என்று பெயரும் வைத்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் காது சுடுகிறது.

குழுவில் என் நீண்ட கேள்விப் பட்டியலை ஏற்றினேன். பிறகு உறவுக்காரர் எழுதினார்: "யாரு, நம்ம மேஸ்திரியா இது?" மேஸ்திரி குரல் பதிவு அனுப்பினார்: "அட, அண்ணனுங்ளா! நெம்ப நாளாச்சே பாத்து." உறவுக்காரரின் தகப்பனாரிடம்தான் மேஸ்திரி தொழில் கற்றிருக்கிறார். சேலத்து என்ஜினியருக்கு, கூரை கான்கிரீட்டைத் தாங்குகிற சென்டரிங் பலகை வாடகைக்குப் போவது உறவுக்காரரின் குடோனிலிருந்து. சிறிது நேரத்தில் மூவரும் பழைய பாக்கி, புதிய சைட்டு, யாருக்கோ ஆன பைபாஸ் ஆபரேஷன் என்று பேசத் தொடங்கினார்கள். மேஸ்திரி தன் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையை ஏற்றினார். எல்லோரும் கை கூப்பினார்கள். நானும் கூப்பினேன்.

அன்று மாலைக்குள் இரண்டு போன்கள். முதலில் மேஸ்திரி: "அண்ணன் உங்களுக்கு ஒறம்பரை, சொந்தம்னு ஒரு வார்த்த சொல்லலீங்களே சார். அவிய ஊட்டு வேலைல நாம குறுக்க வந்தா நல்லா இருக்குமுங்களா?" பிறகு என்ஜினியர்: "ஃபேமிலி மேட்டர்ல நாங்க என்டர் ஆகறதில்லை சார்."

போட்டியை உண்டாக்கப் போய், இருந்த போட்டியையும் ஒழித்துவிட்டேன். குழு மட்டும் நல்லபடியாக ஓடுகிறது. தினமும் காலையில் ரோஜாப்பூ வருகிறது. நான் அட்மின்; விலக முடியவில்லை.

மிஞ்சியவர் உறவுக்காரர் ஒருவர்தான். அவரிடம் ஒரு காகிதமும் இல்லை, ஒரு எண்ணும் இல்லை. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து மனைவி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"டெண்டர் உட்டுப் பாத்துட்டீங்க," என்றாள். "நான் சோறு போட்டுப் பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மோகனூரில், மாமனார் வீட்டில் கறிக்குழம்பு. சின்னம்மாவைத் திருச்செங்கோட்டிலிருந்து வரவழைத்திருந்தாள். உறவுக்காரக் காண்ட்ராக்டரையும் அழைத்திருந்தாள். எனக்கு அவள் திட்டம் புரியவில்லை. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தபோதுதான் லேசாகப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிவு செய்வது இப்படித்தான். நகை எவ்வளவு, மண்டபச் செலவு யாருடையது, அண்டா எத்தனை என்று எல்லாவற்றையும் நாலு பேருக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்வார்கள். யாரும் கையெழுத்துப் போடுவதில்லை; யாரும் பின்வாங்குவதுமில்லை. எழுதச் சொன்னால் அவமானம். எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னால் அது மரியாதை.

"மச்சான், பேப்பரெல்லாம் ஒண்ணும் வேண்டாம்," என்றாள் காண்ட்ராக்டரிடம். "சின்னம்மாவுக்குப் புரியறாப்புல வாயில சொல்லீருங்க. போதும்."

"அதுக்கென்னங்க அம்மிணி," என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம் மருமவன் சொன்னா சொன்னதுதான்," என்று சின்னம்மா முன்னுரை வழங்கினார்.

நான் நாலு மாதமாகக் கேட்டும் வராத எண்ணை, வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார். சதுர அடிக்கு இரண்டாயிரத்து முந்நூறு. ஆனால் அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவரைச் சிபாரிசு செய்தவர் சின்னம்மா. நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் பெயர் கெடுவது அவருக்கு. அந்தப் பொறுப்பு திடீரென்று அவர் முகத்தில் ஏறிவிட்டது.

"அதுல கக்கூஸ் தொட்டி சேத்தியா, சேக்காமயா?"

"அது... தனிங்த்தை."

"தனியா? ஊட்டக் கட்டிக் குடுத்துட்டுக் காட்டுக்குப் போங்கன்னு சொல்லுவியா?"

"சேத்திக்கலாமுங்த்தை."

"சேத்திக்கலாமா, சேத்தியாச்சா?"

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். "சேத்தியாச்சுங்த்தை."

நான் படித்த எந்த ஒப்பந்தச் சட்டத்திலும் இவ்வளவு கச்சிதமான ஒரு கேள்வியைப் பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு, போர்டிகோவை எப்படி அளப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றிலும் சின்னம்மா அதே கத்தியைத் தீட்டினார். என் மனைவி ஒன்றும் எழுதவில்லை. கணக்கு டீச்சர், மனசுக்குள்ளேயே கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டும்போது அவளுக்கு உதடு லேசாக அசையும். மாமனார் இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல, வாக்கரை முன்னால் நிறுத்திவைத்து, நாற்காலியில் பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பேஸ்மென்டில் சிக்கல் வந்தது. எங்கள் ஊரில் பேஸ்மென்ட் என்பது தரைக்கு மேலே வீட்டை உயர்த்திக் கட்டுகிற மேடை.

"மூணடி ஒசத்தறமுங்க," என்றார் காண்ட்ராக்டர்.

"மூணடி படி எங்கப்பா ஏற மாட்டாரு மச்சான்."

"ரோடு போடப் போட ஒசந்துக்கிட்டே வருமில்லீங் அம்மிணி. தாழக் கட்டுனா மழைத் தண்ணி ஹாலுக்குள்ள படுத்துக்குமுங்க."

"அப்ப அவரு எப்படி உள்ள போறது?"

அவர் யோசித்தார். "பக்கத்துச் சந்துல நீளமாச் சரிவு போட்டுக் குடுத்தர்றனுங்க. வாக்கரு போற அகலத்துக்கு."

"தனியாவா?" என்றார் சின்னம்மா.

"இல்லீங்த்தை. சேத்தித்தானுங்க."

உதடு அசைவது நின்றது. "நாலு லட்சம் எச்சா வருதுங்க மச்சான். எங்ககிட்ட இல்லை," என்றாள் என் மனைவி.

காண்ட்ராக்டர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். "அதுக்கென்னங்க. அந்த ரூமப் பொறவு..."

நிறுத்திவிட்டார். பேப்பருக்குப் பின்னால் பக்கம் புரளுவது நின்றது.

"எந்த ரூம?" என்றார் சின்னம்மா.

என்னிடம் மனையில் வைத்து அதை அவர் எத்தனை சுலபமாகச் சொல்லியிருந்தார். நானும் அதை எத்தனை சுலபமாகக் கேட்டுக்கொண்டேன். இங்கே, அந்த அறைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் போட்ட கறிச்சோற்றைச் சாப்பிட்ட கையோடு, அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"போர்டிகோங்த்தை," என்றார் காண்ட்ராக்டர். "போர்டிகோவ எடுத்தர்லாம்."

அதன்பின் மளமளவென்று வீடு குறையத் தொடங்கியது. வீட்டு முகப்பில் போடுகிற அலங்காரம் போயிற்று. மாடிப்படி மேல் கூரை தகரமாயிற்று. தேக்குக் கதவுநிலை வாசலுக்கு மட்டும் என்றானது. சுவரோடு சேர்த்துக் கட்டுவதாக இருந்த என் புத்தக அலமாரி போயிற்று. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, எனக்குத் தெரிவிக்கவும் இல்லை. வெளிச்சுவருக்கு வெறும் வெள்ளை. அப்படியும் கொஞ்சம் இடித்தது. "அத நான் பாத்துக்கறனுங்க" என்றார் காண்ட்ராக்டர். "பாத்துக்கறதுன்னா?" என்றார் சின்னம்மா. அவர் பெருமூச்சு விட்டு, சதுர அடிக்கு ஒரு ஐம்பதைக் குறைத்துச் சொன்னார். என் மனைவியின் உதடு மறுபடி அசைந்து நின்றது. தலையசைத்தாள்.

எங்கள் வீட்டுக்கு விலை கிடைத்துவிட்டது. வெறும் பெட்டி மாதிரி ஒரு வீடு, அதற்குள் பத்துக்குப் பதினொன்றில் ஒரு அறை. என் அட்டவணையில் இப்படியொரு விடை வருவதற்கான கட்டமே இருந்திருக்கவில்லை.

சின்னம்மா தட்டை எடுக்கக் குனிந்தபோது பேப்பர் கீழே இறங்கியது.

"அந்த ரூமுல பிளக்கு எத்தன?" என்றார் மாமனார்.

"ரெண்டுங்க மாமா," என்றார் காண்ட்ராக்டர்.

"மூணு போடு."

"நீங்கதான் அந்த ஊட்டுக்கே வர மாட்டீங்களாமா?" என்று சின்னம்மா சீண்டினார்.

மாமனார் அவரைப் பார்க்கவேயில்லை. "டேபிள் ஃபேனுக்கு ஒண்ணு, ரேடியோவுக்கு ஒண்ணு. போனு சார்ஜு ஏறாட்டி, எம் புள்ள கூப்பிடறப்ப நான் எதுல பேசறது?"

"இனிமே எதுக்குங்கப்பா நான் கூப்பிடப் போறேன்? அடுத்த ரூமுலதான இருப்பேன்," என்றாள் என் மனைவி.

"மூணாவது பாயிண்டு வந்துங்க மாமா, அது எக்ஸ்ட்ரா..." என்று காண்ட்ராக்டர் ஆரம்பித்தார். சின்னம்மா தட்டோடு திரும்பினார். "...சேத்தியாச்சுங்க மாமா," என்று முடித்தார்.

அந்த மூன்றாவது பிளக்கையும் மனைவி கணக்கில் கூட்டிக்கொண்டிருப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். உதடு அசையவில்லை. அவள் கூட்டுவதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ, கட்டிலை வடக்கே தலைவைக்கிற மாதிரிப் போட்டால் தான் அந்த அறையில் படுக்கப் போவதில்லை என்று காண்ட்ராக்டரோடு சண்டையைத் தொடங்கியிருந்தார்.